காமிகாசே: ஒரு வார்த்தையின் கேஸ் ஹிஸ்டரி

போன வாரம் எனக்கு நைட் டூட்டி.

கேசுவால்டி கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். மணி ரெண்டரை இருக்கும். டூட்டி ரூமில் ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் டீயைக் குடித்துக்கொண்டே மொபைலில் போர் செய்தி பார்த்துக் கொண்டிருந்தார்.

"சார், காமிகாசே டிரோன்னு போட்டிருக்காங்க. அப்படின்னா என்ன சார்?"

"தற்கொலை டிரோன் தம்பி. தானே போய் மோதி வெடிச்சிடும்."

தம்பி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"டிரோனுக்கு ஏது சார் உயிர்? அது எப்படித் தற்கொலை பண்ணும்?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குள் 108 வந்துவிட்டது. இரண்டு பேரும் எழுந்து ஓடிவிட்டோம்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை மக்களே. டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, தூங்காமல் படித்தேன். படித்ததை உங்களோடு பகிரத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நோயாளி வந்தால் நாங்கள் முதலில் எடுப்பது "ஹிஸ்டரி". எப்போ ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க? இடையில என்ன மருந்து எடுத்தீங்க? கூட வந்திருக்கறது யாரு?

இந்தக் கேள்விகளை ஒரு வார்த்தையிடமும் கேட்கலாம். இன்று ஆங்கிலத்தில் காமிகாசே என்றால் தற்கொலைத் தாக்குதல். கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுபவனும் காமிகாசேதான். அந்தப் பெயரில் ஒரு மதுபானக் கலவைகூட இருக்கிறது. தமிழ்ச் செய்திகளில் அது "தற்கொலைப்படை" என்றோ "தற்கொலை டிரோன்" என்றோ வருகிறது.

சரி, பிறந்தபோது இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

"காமி" என்றால் தெய்வம். "காசே" என்றால் காற்று. தெய்வக் காற்று. அவ்வளவுதான். அதில் சாவும் இல்லை, விமானமும் இல்லை, வெடிகுண்டும் இல்லை.

வாங்க, 13-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம்.

சீனாவைப் பிடித்துக்கொண்டிருந்த மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்கு ஜப்பான் மேலும் ஒரு கண். அடிபணியச் சொல்லித் தூதர்களை அனுப்பினார். ஜப்பான் மசியவில்லை. 1274-இல் கொரியாவிலிருந்து ஒரு கடற்படை கிளம்பி, ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவில், இன்றைய ஃபுகுவோகா நகரம் இருக்கும் ஹகாடா வளைகுடாவில் இறங்கியது. கடுமையாகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. போகும் வழியில் காற்றும் மழையும் கப்பல்களைச் சிதைத்ததாகச் சொல்வார்கள். அந்த முறை புயல் எவ்வளவு பெரியது என்பதில் வரலாற்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு.

ஏழு வருஷம் கழித்து 1281-இல் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை இரண்டு கடற்படைகள். ஒன்று கொரியாவிலிருந்து, இன்னொன்று தென் சீனாவிலிருந்து. இரண்டும் சேர்த்து 4,400 கப்பல்கள், 1,40,000 பேர் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் மிகை இருக்கும் என்பார்கள் இன்றைய ஆய்வாளர்கள். எப்படிக் குறைத்தாலும் அந்தக் காலத்துக்கு அது ராட்சதப் படை.

ஆனால் ஜப்பானியர்கள் அந்த ஏழு வருஷத்தைச் சும்மா கழிக்கவில்லை. 1276-இல் ஹகாடா வளைகுடாவின் கரையோரமாகக் கல் சுவர் எழுப்பினார்கள். அதன் மிச்சங்களை ஃபுகுவோகாவில் இன்றும் பார்க்கலாம். அந்தச் சுவர் எதிரியைக் கரையேற விடவில்லை. இரவானால் சாமுராய்கள் சிறு படகுகளில் போய்ப் பெரிய கப்பல்களைத் தாக்கினார்கள். இப்படி ஏறக்குறைய இரண்டு மாதம் எதிரியைக் கடலிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

அதன் பிறகுதான் ஆகஸ்டில் புயல் வந்தது. கப்பல்கள் ஒன்றோடு ஒன்று மோதி மூழ்கின. தகஷிமா தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் அந்தக் கப்பல்களின் நங்கூரங்களையும் உடைந்த பாகங்களையும் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆக, புயல் கதை அல்ல. நடந்தது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி கேளுங்கள். சுவர் இல்லாமல் இருந்திருந்தால்? எதிரி முதல் வாரத்திலேயே கரையேறி ஊருக்குள் போயிருப்பான். ஆகஸ்டில் புயல் வந்து யாரை மூழ்கடித்திருக்கும்?

சுவர் கட்டியவனும், ராத்திரியில் படகு தள்ளியவனும் இருந்ததால்தான் புயலுக்கு வேலை கிடைத்தது. மழை பெய்தால் மட்டும் போதாது, வரப்பு வெட்டியிருக்கணும் இல்லையா?

போர் முடிந்ததும் பலன் கேட்டுப் பலர் வரிசையில் நின்றார்கள். நாங்கள் பிரார்த்தனை செய்ததால்தான் காற்று வந்தது என்று ஆலயங்களும் மடங்களும் பரிசு கேட்டன. நாங்கள் சண்டை போட்டோம் என்று சாமுராய்கள் கேட்டார்கள். தகேசாகி சுஎனாகா என்ற ஒரு சாமுராய், தான் போரிட்டதை ஓவியச் சுருளாகவே வரையச் செய்து வைத்தார். அது இன்றும் இருக்கிறது. அந்தச் சுருளின் நாயகர்கள் மனிதர்கள்தான். காற்று அல்ல.

ஜெயித்த போரில் புதிதாக நிலம் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் அரசால் எல்லோருக்கும் பரிசு தர முடியவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்து, 1333-இல் கமகுரா ஆட்சியே கவிழ்ந்தது.

காலம் போகப் போகச் சுவர் மறந்துபோனது. காற்று மட்டும் நினைவில் நின்றது. ஜப்பானுக்கு ஆபத்து வந்தால் தெய்வம் காற்றை அனுப்பும். இதுதான் பின்னாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமானது.

இந்த இடத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

அடுத்து 1937.

பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஆங்கிலேயர்கள் தலைக்கு மேல் பறந்த முதல் காமிகாசே, குண்டு போட வரவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தது!

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி, ஜப்பானின் அசாஹி பத்திரிகை டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானத்தை அனுப்பியது. ஜப்பானில் தயாரான விமானம். அதன் பெயர் காமிகாசே. இரண்டே பேர். விமானி இனுமா மசாகி, உடன் சுகாகோஷி கெஞ்சி. நம் கல்கத்தாவிலும் கராச்சியிலும் இறங்கி ஏறித்தான் போனார்கள். 94 மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது நாலு நாளுக்குள் லண்டனைத் தொட்டார்கள். 1937 ஏப்ரல் 9 அன்று லண்டன் குரோய்டன் விமான நிலையத்தில் அவர்களை வரவேற்கக் கூட்டம் கூடியது.

அன்றைக்கு லண்டனில் யாரையாவது நிறுத்திக் காமிகாசே என்றால் என்ன என்று கேட்டிருந்தால், "அந்த வேகமான ஜப்பான் விமானம்தானே?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

ஏழே வருஷம். அந்த வார்த்தையின் மேல் ரத்தம் ஏறிவிட்டது.

1944.

பசிபிக்கில் ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த ஜூனில் பிலிப்பைன்ஸ் கடலில் நடந்த போரில் மட்டும் நூற்றுக்கணக்கான விமானங்களையும், அனுபவமுள்ள விமானிகளையும் இழந்திருந்தது. புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போதிய எரிபொருள் இல்லை. அரைகுறைப் பயிற்சியோடு போகும் பையன், அமெரிக்கப் போர் விமானத்திடம் சிக்கினால் எப்படியும் சாவான் என்ற நிலை.

அக்டோபர் 19. பிலிப்பைன்ஸில் மபலகட் என்ற விமானத்தளம். அங்கே வந்த வைஸ் அட்மிரல் ஒனிஷி தகிஜிரோ ஒரு திட்டத்தை வைத்தார். சீரோ ரக விமானத்தில் 250 கிலோ குண்டைக் கட்டி, விமானத்தோடு போய் எதிரியின் விமானம் தாங்கிக் கப்பலில் மோதுவது.

அந்தப் படைக்கு வைத்த பெயர்தான் "தெய்வக் காற்று". மறுபடியும் நாடு ஆபத்தில் இருக்கிறது, மறுபடியும் காற்று வரவேண்டும். ஆனால் இந்த முறை தெய்வம் அனுப்பவில்லை. அதிகாரிகள் அனுப்பினார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஜப்பானிய மொழியில் ஒரே எழுத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். நாம் 2 என்ற எண்ணை "இரண்டு" என்றும் "டூ" என்றும் வாசிக்கிறோமே, அந்த மாதிரி. அந்தக் கடற்படைப் பிரிவின் அதிகாரபூர்வ வாசிப்பு "ஷின்பூ". அதே எழுத்துகளின் இன்னொரு வாசிப்புதான் "காமிகாசே". ஆங்கிலத்தில் நிலைத்தது இரண்டாவது. ஜப்பானில் பொதுவாகச் சொல்வது "தொக்கோ". அதற்கு அர்த்தம் "சிறப்புத் தாக்குதல்".

சிறப்புத் தாக்குதல்! போனால் திரும்பி வர முடியாது என்ற உண்மை அந்தப் பெயரில் எங்காவது இருக்கிறதா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூப்பிடுவது போல ஒரு பெயர்.

முதல் பிரிவுக்குத் தலைமை தாங்கச் சொல்லி, செகி யுகியோ என்ற 23 வயது லெப்டினன்ட்டை ஒரு ராத்திரி எழுப்பிக் கேட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் ஒப்புக்கொண்டார். கிளம்புவதற்கு முன் ஒரு செய்தியாளரிடம் மனம் விட்டுப் பேசியது பின்னாளில் பதிவாகியிருக்கிறது. மோதாமலேயே குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வர என்னால் முடியும், என்னைப் போன்ற விமானியைச் சாகடிக்கும் நிலை வந்துவிட்டால் ஜப்பான் முடிந்தது என்றுதான் அர்த்தம் என்ற பொருளில் பேசினார். தான் போவது பேரரசருக்காக அல்ல, மனைவிக்காக என்றும் சொன்னார்.

அக்டோபர் 25 அன்று அவரது பிரிவு தாக்கியதில் அமெரிக்காவின் செயின்ட் லோ என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. "வெற்றி" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு முறை என்று தொடங்கியது பழக்கமானது.

இந்த இடத்தில் வரலாறு ஒரு விளையாட்டு விளையாடியது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அமெரிக்கக் கடற்படை நிஜமாகவே பெரும் புயலில் சிக்கியது. மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. சுமார் 790 பேர் இறந்தார்கள். உண்மையான தெய்வக் காற்று என்று ஒன்று இருந்தால் அது இதுதான்!

போரின் போக்கு மாறியதா? இல்லை. இந்த முறை சுவர் இல்லை மக்களே. காற்று தனியாக எதையும் காப்பாற்றாது.

சரி, யார் இந்தப் பையன்கள்?

1943 வரை கல்லூரி மாணவர்களுக்குப் படிப்பு முடியும்வரை ராணுவ சேவையிலிருந்து தள்ளிவைப்பு இருந்தது. அந்த ஆண்டு அதை நீக்கினார்கள். அக்டோபர் 21 அன்று டோக்கியோவில் கொட்டும் மழையில் மாணவர்கள் அணிவகுத்து வழியனுப்பப்பட்டார்கள். இலக்கியம், சட்டம், பொருளாதாரம் படித்த பிள்ளைகள்.

அறிவியல், பொறியியல், மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் தள்ளிவைப்பு தொடர்ந்தது. போருக்கு அவர்கள் தேவை.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த வருஷம் அந்த ஊரில் நான் மாணவனாக இருந்திருந்தால் என் எம்பிபிஎஸ் என்னைக் காப்பாற்றியிருக்கும். என் பக்கத்து ரூமில் தங்கிக் கவிதை படித்தவனைக் காப்பாற்றியிருக்காது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் உஎஹாரா ரியோஜி. கெய்யோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். அவர் அப்பா ஒரு டாக்டர். அண்ணன்கள் இரண்டு பேரும் ராணுவ டாக்டர்கள். ஒருவர் தரைப்படையில், ஒருவர் கடற்படையில். இந்த வீட்டில் கடைசிப் பையன் மட்டும் பொருளாதாரம் எடுத்தார்.

1945 மே 11 அன்று ஒகினாவாவை நோக்கிப் பறந்து இறந்தார். வயது 22.

கிளம்புவதற்கு முந்தைய இரவில், ஒரு செய்தியாளர் கேட்டுக்கொண்டதால் அவர் எழுதிக்கொடுத்த பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. போருக்குப் பின் 1949-இல் வெளிவந்த மாணவ வீரர்களின் கடிதத் தொகுப்பில் அச்சாகி, ஜப்பான் முழுக்கப் படிக்கப்பட்டன. அதில் அவர் எதிரியைத் திட்டவில்லை. மனிதனின் சுதந்திரத்தை மிதிக்கும் அரசுகள் கொஞ்ச நாள் ஓங்கினாலும் கடைசியில் தோற்றே தீரும் என்று எழுதினார். தன் நாட்டையும் சேர்த்துத்தான்! இந்த வகைத் தாக்குதலில் போகும் விமானி என்பவன் உணர்வோ ஆளுமையோ இல்லாத, இயந்திரத்தின் ஒரு பாகம் மாதிரிதான் என்றும் எழுதினார்.

தனக்குப் பிடித்த ஒரு தத்துவப் புத்தகத்தில் ஆங்காங்கே எழுத்துகளைச் சுற்றி வட்டம் போட்டு, சேர்த்துப் படித்தால் தான் நேசித்த பெண்ணுக்கான விடைபெறல் தெரியும்படி விட்டுச் சென்றார். நேராக எழுத முடியாததை அப்படி எழுதினார்.

அவருடைய இரண்டு அண்ணன்களும் அந்தப் போரிலேயே உயிரிழந்தார்கள். அந்த டாக்டர் அப்பாவுக்கு மூன்று மகன்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இவரையா "கண்மண் தெரியாத வெறியன்" என்கிறது ஆங்கில அகராதிப் பொருள்?

"சார், அவங்களாத்தானே முன்வந்து போனாங்க? கையெழுத்து போட்டாங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இதற்கு ஒரு டாக்டராகப் பதில் சொல்கிறேன்.

எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் நாங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கையெழுத்து இருந்தால் மட்டும் அது சம்மதம் ஆகாது. என்ன நடக்கும் என்று முழுசாகத் தெரிந்திருக்கணும். வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கணும். வேண்டாம் என்று சொன்னதற்காக ஒருத்தரும் அவரைத் தண்டிக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் காகிதம் வெறும் காகிதம்.

ஜப்பானில் என்ன நடந்தது? சில பிரிவுகளில் படிவம் கொடுத்தார்கள். மிகவும் விரும்புகிறேன், விரும்புகிறேன், விரும்பவில்லை என்று மூன்றில் ஒன்று. சில இடங்களில் எல்லோர் முன்னாலும் வரிசையில் நிற்க வைத்து, விருப்பமுள்ளவர் ஒரு அடி முன்னே வரலாம் என்றார்கள். பக்கத்தில் நிற்கும் நண்பன் முன்னே வைத்துவிட்டான். நீங்கள் மட்டும் நிற்பீர்களா? விரும்பவில்லை என்று எழுதியும் அனுப்பப்பட்டவர்கள் உண்டு. மறுத்தவன் பெயர் கெட்டால் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அவமானம்.

அப்படியும் சிலர் நேர்மையாக, தன் மண்ணைக் காக்கிறோம் என்று நம்பித்தான் போனார்கள். அவர்கள் கடிதங்களில் அது தெரிகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுக்க வழியே இல்லாத இடத்தில் யார் விரும்பிப் போனார், யார் வேறு வழியின்றிப் போனார் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பயங்கரம் அதில்தான் இருக்கிறது.

சசாகி தொமோஜி என்பவர் கதையைக் கேளுங்கள். தரைப்படையின் முதல் சிறப்புத் தாக்குதல் பிரிவில் இருந்த 21 வயது விமானி. அவர்கள் விமானத்தில் குண்டைக் கழற்றிவிடவே முடியாதபடி கட்டியிருந்தார்கள். பிரிவின் தலைவர் இவாமோட்டோ, குண்டைத் தனியாகப் போடும்படி ரகசியமாக மாற்றியமைக்கச் செய்தார். உயிரை விடுவதைவிடத் திரும்பத் திரும்பப் போய்க் குண்டு போடுவது மேல் என்பது அவர் எண்ணம். சசாகி அப்படியே செய்தார். ஒன்பது முறை அனுப்பினார்கள். ஒன்பது முறையும் உயிரோடு திரும்பினார்!

அதற்குள் அவர் வீர மரணம் அடைந்துவிட்டதாக நாட்டுக்கே அறிவித்திருந்தார்கள். ஆள் உயிரோடு வந்து நின்றால்? மேலதிகாரிகளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. அடுத்த முறை கட்டாயம் செத்துவிட்டு வா என்பதுதான் உத்தரவு.

எதிரிக் கப்பல் மூழ்குவதுதான் நோக்கம் என்றால், திரும்பி வருபவனைக் கொண்டாடியிருக்க வேண்டும். அவனைச் சாகச் சொன்னார்கள் என்றால் நோக்கம் எப்போதோ மாறிவிட்டது என்று அர்த்தம். சாவே சாதனை ஆகிவிட்டது.

சசாகி போருக்குப் பின் தன் ஊரான ஹொக்கைடோவுக்குத் திரும்பி, 2016-இல்தான் காலமானார்.

இடையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஹிஸ்டரியில் கேட்போம் என்றேன் அல்லவா? அதுவும் உண்டு.

நகாய் நகயோஷி என்ற ஜப்பானிய வேதியியல் மேதை 1885-இல் ஒரு மூலிகையிலிருந்து எபெட்ரின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். முதுகில் மயக்க ஊசி போட்டு சிசேரியன் செய்யும்போது தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் அதை ஏற்றுவதற்கு உதவும் மருந்து அது. அந்த எபெட்ரினிலிருந்து 1893-இல் அவர் உருவாக்கிய இன்னொரு பொருள் மெத்தாம்பெட்டமின். இன்று உலகை ஆட்டும் போதைப்பொருள். 1941-இல் அது பிலோபான் என்ற பெயரில் ஜப்பானில் களைப்பு நீக்கும் மாத்திரையாகக் கடைக்கே வந்தது. போர்க்காலத்தில் தூங்காமல் வேலை செய்ய விமானிகளுக்கும் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மிச்சமிருந்த சரக்கு சந்தைக்குள் பாய்ந்து நாடே அடிமையாகித் தவித்தது. 1951-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள்.

தூக்கம் என்ற உடலின் குரலையே மாத்திரை போட்டு அடக்கியவர்கள், மனசின் குரலைக் கேட்டிருப்பார்களா?

1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒகினாவா போரில் அலை அலையாக இந்தத் தாக்குதல்கள் நடந்தன. தரைப்படையின் முக்கியத் தளம் ககோஷிமா பகுதியில் இருந்த சிரான். இன்று அங்கே அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒகினாவா போரில் இப்படி இறந்த 1,036 தரைப்படை விமானிகளை அங்கே நினைவுகூர்கிறார்கள். தளத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தொரிஹாமா தொமே என்ற அம்மா அந்தப் பையன்களுக்குச் சோறு போட்டார். ராணுவத் தணிக்கைக்குத் தெரியாமல் அவர்கள் கடிதங்களைத் தபாலில் சேர்த்தார். அவர் கடைக்கு வந்தவர்களில் ஜப்பான் பெயரில் பறந்த ஒரு கொரிய இளைஞரும் உண்டு. தன் நாட்டைப் பிடித்து வைத்திருப்பவர்களின் போருக்காகச் சாகப் போன அவர், கடைசி இரவில் அந்தக் கடையில் உட்கார்ந்து கொரிய நாட்டுப்பாட்டு பாடினார்.

இந்தப் போர் முறையில் 3,800-க்கும் மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. எதிர்ப்பக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அவர்களும் இருபது வயதுப் பையன்கள்தான். தீக்காயத்தோடு வருபவர்களுக்கு டிரெஸ்ஸிங் செய்த எவருக்கும் அந்தக் கப்பல் தளத்தில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். அவர்களையும் மறக்கக் கூடாது.

அமெரிக்கக் கடற்படை இந்தத் தாக்குதல் செய்தியை மாதக்கணக்கில் தணிக்கை செய்து வைத்திருந்தது. 1945 ஏப்ரல் நடுவில்தான் வெளியே விட்டது. அதன் பிறகுதான் காமிகாசே என்ற சொல் சாதாரண அமெரிக்கனின் வாய்க்கு வந்தது. மனிதனை உள்ளே உட்கார வைத்து ஏவும் ராக்கெட் குண்டு ஒன்றையும் ஜப்பான் செய்திருந்தது. ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர் ஓகா, அதாவது செர்ரிப் பூ. அமெரிக்கர்கள் வைத்த பெயர் பாகா. ஜப்பானிய மொழியிலேயே அதற்கு "முட்டாள்" என்று அர்த்தம்.

அனுப்பியவன் பூ என்றான். எதிரி முட்டாள் என்றான். உள்ளே உட்கார்ந்திருந்தவன் பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

போரில் தோற்றதும் ஒனிஷி 1945 ஆகஸ்ட் 16 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இறந்த இளைஞர்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கோரும் குறிப்பை விட்டுச் சென்றார். உகாகி என்ற இன்னொரு அட்மிரல், சரணடைவதாகப் பேரரசர் வானொலியில் அறிவித்த பிறகு, கடைசியாக ஒரு தாக்குதலுக்குக் கிளம்பினார். தனியாகப் போகவில்லை. பதினொரு விமானங்களில் இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு போனார். போர் முடிந்த பிறகும்!

ஒரு டாக்டராக எனக்கு இங்கேதான் வலிக்கிறது.

தற்கொலைக்கு முயன்று வருபவர்களைத் தினம் பார்க்கிறேன். அவர்கள் தாங்க முடியாத வேதனையில், தனிமையில், ஒரு நொடியில் வழி தெரியாமல் போனவர்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் மறுநாளே என் கையைப் பிடித்து "நல்லவேளை காப்பாத்திட்டீங்க சார்" என்பார்கள். அது ஒரு நோய் நிலை. சிகிச்சை உண்டு. திரும்பி வர வழி உண்டு.

இந்தப் பையன்களுக்கு நடந்தது அது அல்ல. அவர்களுக்குத் தேதி குறித்தார்கள், விமானம் கொடுத்தார்கள், கையசைத்து அனுப்பினார்கள், திரும்பி வந்தால் திட்டினார்கள். இதற்குத் "தற்கொலை" என்று பெயர் வைத்தால், கொலையில் பங்குள்ள எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். "தெய்வக் காற்று" என்று பெயர் வைத்தாலும் அதேதான். காற்றை யார் கூண்டில் ஏற்ற முடியும்?

மறுநாள் டூட்டியில் அந்தத் தம்பியைப் பார்த்தேன்.

"தம்பி, நீங்க கேட்டது சரியான கேள்வி. டிரோன் தற்கொலை பண்ணாது. ஆனா அந்தப் பேரு அதுக்கு ஏன் வந்துச்சு தெரியுமா? எண்பது வருஷத்துக்கு முன்னாடி, தேடிப் போய் மோதுற குண்டைத் திருப்புறதுக்கு இப்ப இருக்கற கம்ப்யூட்டர் கிடையாது. அதனால அந்த இடத்துல ஒரு பையனை உட்கார வச்சாங்க. இப்ப கம்ப்யூட்டர் வந்துடுச்சு. பையன் இறங்கிட்டான். பேரு மட்டும் இறங்கல."

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அந்த டாக்டர் அப்பா அப்புறம் என்ன சார் பண்ணிருப்பாரு? மறுபடி ஓ.பி. பார்த்திருப்பாரா?"

தெரியவில்லை மக்களே. பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சல் என்று வந்து எதிரே உட்காரும்போது அவர் கை அவன் நாடியில் ஒரு கணம் அதிகமாக நின்றிருக்கும்.

அடுத்த முறை செய்தியில் இந்த வார்த்தை வரும்போது, இந்தக் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யாராவது உன் உயிரைக் கேட்டால், அவர் தன் உயிரை எங்கே வைத்துவிட்டுக் கேட்கிறார் என்று முதலில் பார் என்று சொல்லிக்கொடுங்கள். நாடு, மானம், குடும்பக் கௌரவம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி.

இதைப் படிக்கும் யாருக்காவது மனம் கனத்து, வாழ்வது வீண் என்று தோன்றினால் தயவுசெய்து 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள். இல்லை, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த நேரமானாலும் எங்களில் ஒருவர் விழித்திருப்போம்.



அன்புடன்,
உங்கள் அரசு மருத்துவர்